பிழை திருத்திய புத்தகம்

பவானிபூரில் நான் தங்கியிருந்த மெஸ்ஸில் அபின் தின்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் ரயில்வே குமாஸ்தா. மற்றவன், பத்திரிகை ஆபீசில் புரூப் திருத்தும் நான். ஒரு மழைக்காலத்தில் அவர் மட்டும் விட்டுவிட்டார். ஒட்டியிருந்த கன்னம் நிரம்பியது, கை நடுக்கமும் நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை.

அபின் வேளை வந்ததும் அவர் வாய் கொப்பளித்துவிட்டு, பழைய பாராயணப் புத்தகம் ஒன்றுடன் உட்காருவார். பாராயணத்தில் அத்தியாயத்தின் நடுவே எழுந்திருக்கக் கூடாது. அது முடிவதற்குள் ஆசை அடங்கிவிடுமாம்.

அவரைவிட நூறு மடங்கு வாசிப்பவன் நான். “அந்தப் புத்தகத்தைக் கொடும் ஓய்,” என்றேன். உடனே கொடுத்தார்.

இரண்டே நாளில் முடித்தேன். அச்சுப் பிழைகளையெல்லாம் சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுத்தேன்.

“முழுக்க வாசிச்சுட்டீரா?” உண்மையாகவே வியந்தார். “நாலு மாசமா நான் முதல் அத்தியாயத்தைத் தாண்டலை ஓய்.”

“அதில் மட்டும் ஐந்து பிழை.”

“அப்படியா? என் கண்ணுல படலையே.” புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்று மாலையும் வாசித்தார். நான் திருத்திய ஐந்து சொற்களையும் பழைய பிழையோடேயே வாசித்தார். அடுத்த அறையில் அபின் டப்பாவைத் திறந்துகொண்டே நான் பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.