ஒன்று புள்ளி பத்து

என் மகள் பிறந்த மறுநாள் எங்கள் கிளஸ்டர் விழுந்தது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அலுவலகத்தில் மரியாதைக்குச் சொல்லுவார்கள். ஆனால் நான் பிள்ளை பெறப் போகாமல் மேசையிலேயே இருந்திருந்தால் அது விழுந்திருக்காது. அது எனக்குத் தெரியும்.

நான் சாய்ந்தமருதில் வீட்டில் இருந்தபடியே கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். வெளிநாட்டுக் கூரியர் கம்பெனி ஒன்றின் பார்சல்கள் எந்த ஊரில் எந்த லொறியில் இருக்கின்றன என்று காட்டும் மென்பொருள் எங்களுடையது. அது ஓடுவது கிளவுட்டில் வாடகைக்கு எடுத்த நாற்பது மெஷின்களில். நாற்பதும் சேர்ந்து ஒரே கணினிபோல வேலை செய்யும். அந்தக் கூட்டத்தைத்தான் கிளஸ்டர் என்கிறோம். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மருதமுனையில் சாரனும் துணியும் விற்கும் கடை வைத்திருக்கும் என் கணவருக்கு, நான் கண்ணால் காணாத நாற்பது கணினிகளை மேய்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது கல்யாணமான நாளிலிருந்து தீராத ஆச்சரியம்.

விழுந்த கதைக்குக் காரணம் ஆறேழு மாதத்துக்கு முந்தியது. மென்பொருள் எழுதுகிற யாரும் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. மற்றவர்கள் எழுதிவைத்த சிறிய மென்பொருள்களை எடுத்து அவற்றின்மேல் தங்களுடையதைக் கட்டுவார்கள். அவற்றுக்கு லைப்ரரி என்று பேர். ஒவ்வொன்றுக்கும் பதிப்பு எண் உண்டு. எங்களிடமிருந்த இரண்டு லைப்ரரிகளுக்கு மூன்றாவது ஒன்று தேவைப்பட்டது. ஒன்று அதன் பழைய பதிப்பைக் கேட்டது, மற்றது புதியதைக் கேட்டது. நான் இரண்டு நாள் முழுக்க ஒவ்வொரு பதிப்பாகப் போட்டுப் பார்த்து, இரண்டுக்கும் ஒத்துப்போகிற ஒரேயொரு பதிப்பைக் கண்டுபிடித்தேன். அதன் எண் 1.10. எல்லா மெஷின்களுக்கும் அச்சாக இருந்த மூலப் பிரதியில் அதைக் கையாலேயே போட்டுவிட்டு மூடினேன். எங்கும் எழுதிவைக்கவில்லை. பிறகு எழுதலாம் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு மட்டுமே தெரிந்த ஒன்று இருக்கிறது என்பதில் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

நான் பிரசவ விடுமுறையில் போனதும் என் இடத்தில் நின்றவர் கொழும்பில் இருக்கும் சக ஊழியர் ஒருவர். சிங்களவர், நிதானமான மனிதர், கெட்டிக்காரர். பாதுகாப்புக்காகப் பழைய மூலப் பிரதியை எடுத்துவிட்டுப் புதியதொன்றைச் செய்தார். செய்ய வேண்டிய வேலைதான் அது. பழையதை இடம் போதாதென்று அழித்தும்விட்டார்கள். நான் கையால் போட்டது அதோடு போயிற்று.

அன்று நான் கல்முனையில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தேன். முந்தின நாள் காலையில் சிசேரியன். பிள்ளைகள் உறங்குகிற வார்டு என்பதால் உள்ளே போன் எடுக்கக் கூடாது. என்னுடைய போனும் கணவரிடம்தான் இருந்தது. நடந்து பார்க்கும்படி நர்ஸ் மிஸ் காலையிலிருந்து இரண்டு தரம் சொல்லிவிட்டார். இரண்டு தரமும் நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோலக் கிடந்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் பார்க்க விடுகிற நேரம். கணவர் வந்து முதலில் மகளைத் தூக்கினார், நெற்றியில் கொஞ்சினார், என் உம்மாவிடம் கொடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாரன் பெட்டியில் கிழித்த ஒரு மட்டைத் துண்டை எடுத்தார்.

“உன்ட ஒபிஸ்ல இருந்து காலத்தால தொடக்கம் போன் கோல் புள்ள. எனக்கு வெளங்கினத எழுதிக்கொண்டு வந்திரிக்கன்.”

மட்டையில் தமிழில் இப்படி இருந்தது: கொன்பிளிக். பதினேழு விழுந்திட்டு. மத்ததும் விழுது. நம்பர் என்ன?

சக ஊழியர் ஆங்கிலமும் சிங்களமும் கலந்து சொன்னதைக் கணவர் சாரன் வியாபாரத்தில் பழகிய சிங்களத்தில் விளங்கி, தமிழில் எழுதியிருந்தார். நான் அதைச் சத்தமாக வாசித்துவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் எழும்பி உட்கார்ந்தார். பெரியநீலாவணைக்காரி, கணவர் கடலுக்குப் போகிறவர், அவருக்கு அது மூன்றாவது பிள்ளை.

“என்ன தங்கச்சி, பதினேழு பேரா விழுந்த? எங்க, பஸ்ஸா?”

“இல்ல அக்கா, மெஷின். கம்பியூட்டர்.”

“அடி, அதுக்கு ஏன் இந்தப் பச்ச உடம்புக்காரிய வந்து கேக்கிற?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிசேரியன் தையலோடு சிரிப்பது என்ன என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, என்ன நடந்திருக்கும் என்று யோசித்தேன். புதிய மூலப் பிரதி, புதிய பதிப்பு, இரண்டு லைப்ரரிகளுக்கும் சண்டை, அதுதான் மட்டையில் இருந்த கொன்பிளிக். ஒவ்வொரு மெஷினும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் நேரம் வந்ததும் விழுகிறது. எந்தப் பதிப்பு ஒத்துப்போகும் என்று தேடினால் சக ஊழியருக்கும் இரண்டு நாள் போகும்.

“இஞ்சாருங்க, எழுதுங்க,” என்றேன். லைப்ரரியின் பேரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். “நம்பர் ஒண்டு புள்ளி பத்து. அத மட்டும் செல்லுங்க, அவருக்கு வெளங்கும்.”

கணவர் எழுதினார், எனக்குத் திருப்பிக் காட்டினார். சரியாகவே எழுதியிருந்தார். மணியடித்ததும் வெளியே போனார். நான் உம்மா கொண்டுவந்த சோற்றைத் தின்றுவிட்டு, உலகத்தின் மறுபக்கத்துப் பார்சல்களைக் கட்டிலில் கிடந்தபடியே காப்பாற்றிவிட்டவள் என்ற பெருமையோடு உறங்கினேன்.

பின்னேரம் ஐந்து மணிக்கு அவர் வந்தபோது முகம் சுருங்கியிருந்தது.

“நீ தந்த நம்பர் பிழையாம் புள்ள. மெஷின் எல்லாம் எழும்பினதாம். எழும்பி, முதல் பார்சல் வந்த ஒடன திரும்ப விழுந்ததாம். இப்ப நாப்பதும் படுத்திட்டாம்.”

இரண்டு நாள் தேடிப் பிடித்த எண்ணை மறந்துவிட்டேனா? மயக்க மருந்து மூளையைக் கலக்கிவிட்டதா? ஒன்று புள்ளி ஒன்பதா, பதினொன்றா? மனதுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். இல்லை, பத்துதான். அப்போதுதான் கேட்கத் தோன்றியது.

“நீங்க அவருக்கிட்ட என்னெண்டு செல்லின?”

“ஒண்டு தசம் ஒண்டு எண்டு.”

“நான் ஒண்டு புள்ளி பத்து எண்டெல்லோ சொன்னன்!”

“ஓம், ரெண்டும் ஒண்டுதானே? கடைசிப் பூச்சியத்துக்கு என்ன பெறுமதி? ஒண்டு தசம் பத்து மீட்டர் துணியும் ஒண்டு தசம் ஒண்டு மீட்டர் துணியும் ஒரே நீளந்தானே புள்ள?”

அவர் சொன்னதில் கணக்குப் பிழை எதுவுமில்லை. துணி வெட்டுகிற மனிதர், தேவையில்லாத பூச்சியத்தை ஒழுங்காக வெட்டிவிட்டார்.

“அது தசம் இல்ல,” என்றேன். “முதலாவதுல பத்தாவது பதிப்பு. ஒம்பதுக்கு அடுத்த பத்து. நீங்க செல்லினது முதலாவதுல முதலாவது. நாலஞ்சு வருசத்துப் பழசு.”

கணவர் மட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது.

“பத்தாம் கட்டில்காரிட புள்ளயக் கொண்டுபோய் ஒண்டாம் கட்டில்காரிட்டக் குடுத்திட்டீங்க தம்பி!”

வார்டே சிரித்தது. கணவரும் சிரித்தார், ஆனால் காது இரண்டும் சிவந்துவிட்டன. “அல்லாவே, நாப்பதையும் நானா விழுத்தின?” என்று மெல்லக் கேட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. விழுத்தியவர் அவரில்லை என்று எனக்கு அந்த நிமிடத்தில் நன்றாகவே தெரிந்தது.

இந்த முறை நானே கதைக்க வேண்டும் என்று தோன்றியது. வார்டுக்கு வெளியே, நடைபாதையின் கடைசியில் போன் பேசலாம். காலைக் கீழே வைத்தேன். ஒரு கையால் கட்டிலையும் மறு கையால் உம்மாவின் தோளையும் பிடித்துக்கொண்டு எழும்பினேன். தையல் இழுத்தது. ஒவ்வொரு அடியையும் எண்ணிக்கொண்டு போனேன். வாசலில் நர்ஸ் மிஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

“காலயில இருந்து நடக்கச் சொல்லுறன், கேக்கல்ல. இப்ப மட்டும் எங்க நடக்கிறீங்க?”

“போன் கதைக்க மிஸ்.”

“சரி, எதுக்காகவெண்டாலும் நடந்தாச் சரி. மெல்ல.”

சக ஊழியர் முதல் மணியிலேயே எடுத்தார். நான் வாழ்த்துகளைக்கூட வாங்கிக்கொள்ளாமல், “புள்ளிக்குப் பிறகு பத்து. ஒன்றும் பூச்சியமும்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மறுபக்கம் ஒரு நீண்ட பெருமூச்சும் அதன் பின்னால் சிரிப்பும் கேட்டன. என் கணவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னதால் தனக்குச் சந்தேகமே வரவில்லை என்றார். முதல் மெஷினை எழுப்பினார். இருவரும் காத்திருந்தோம். ஒரு பார்சலின் தகவல் வந்தது. போயிற்று. இன்னொன்று வந்தது, அதுவும் போயிற்று. மெஷின் விழாமல் நின்றது.

நாற்பதும் எழும்ப அரை மணித்தியாலமாவது வேண்டும். அவ்வளவு நேரம் என்னால் நிற்க முடியாது. போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலுக்குத் திரும்பினேன். அவர் போனைக் காதில் வைத்தபடி நடைபாதையில், வார்டு வாசலுக்கு நேரே, நான் பார்க்கும் இடத்தில் நின்றுகொண்டார். ஒவ்வொரு மெஷின் எழும்பும்போதும் ஒரு விரலை நீட்டினார். பத்தானதும் இரண்டு கையையும் பொத்தி மறுபடி தொடங்கினார். பார்க்க வந்த சனங்கள் அவரைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. ஒரு மனிதர் நின்று, இவர் யாருக்குச் சைகை காட்டுகிறார் என்று வார்டுக்குள் எட்டிப் பார்த்தார். பக்கத்துக் கட்டில் அக்கா பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே சத்தமாக எண்ணினார்.

“இருவத்தாறு… இருவத்தேழு… என்ன தம்பி நிண்டுட்டு? ஆ, இருவத்தெட்டு.”

முப்பத்தொன்பதில் நீண்ட நேரம் நின்றது. உம்மாகூட மகளை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தார். கடைசி விரல் நீண்டபோது வார்டில் யாரோ கை தட்டினார்கள். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார் உம்மா, எதற்கென்று முழுதாகத் தெரியாமலே. சத்தத்தில் நான்கு பிள்ளைகள் ஒன்றாக அழத் தொடங்கின. நர்ஸ் மிஸ் வந்து எல்லோரையும் ஏசினார்.

அடுத்த நாள் வரும்போது ஒரு புதிய மட்டை கொண்டுவரும்படி கணவரிடம் சொல்லியிருந்தேன். இதைப்போலக் கையால் செய்துவிட்டு எங்கும் எழுதாமல் விட்டவை இன்னும் இருந்தன. எனக்குச் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. யோசிக்க யோசிக்க ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவர் எழுதினார்.

“இதெல்லாம் ஒனக்கு மட்டுந்தான் தெரியுமா?” என்று கேட்டார்.

“ஓம்.”

“நீ இல்லாட்டி?”

நான் பட்டியலில் அடுத்ததைச் சொன்னேன். அவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வெளியே போய் நின்று அந்தப் பட்டியலைப் போனில் வாசித்தார். எந்த எண்ணில் பூச்சியம் வந்தாலும் அதை மட்டும் நடைபாதை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

மூன்று நாளில் எங்களை வீட்டுக்கு விட்டார்கள். ஏழாம் நாள் மகளின் முடி இறக்கி, ஆடு அறுத்து, சொந்தக்காரர்களுக்கு இறைச்சி கொடுத்தோம். விடுமுறையின் மிச்ச மாதங்களில் அலுவலகத்திலிருந்து ஒரேயொரு தரம்தான் போன் வந்தது, அதுவும் மகள் எப்படி என்று கேட்க. முதலில் எனக்கு அது ஒருமாதிரி இருந்தது. நான் இல்லாமலும் எல்லாம் நடக்கிறதே என்று. பிறகு மகள் இரவுபகல் தெரியாமல் எழுப்பத் தொடங்கியதும், நடந்தால் நல்லதுதான் என்று ஆகிவிட்டது.

வேலைக்குத் திரும்பிய முதல் காலை. மகளைத் தொட்டிலில் போட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்து சின்னதொரு மாற்றம் செய்தேன், ஒரு லைப்ரரியின் பதிப்பை மாற்றினேன். திரையில் சிவப்பாக ஒன்று வந்து என் வேலையை நிறுத்தியது. நான் இல்லாத நேரத்தில் சக ஊழியர் ஒரு காவலை வைத்திருந்தார். பதிப்பு எண்ணை யார் மாற்றினாலும், ஏன் மாற்றுகிறோம் என்று எழுதாமல் உள்ளே விடாது. எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு. தையல் ஆறிவிட்டதால் நன்றாகவே சிரிக்க முடிந்தது. காரணத்தை மூன்று வரியில், யாருக்கும் விளங்கும்படி எழுதினேன். பச்சை வந்தது. தொட்டிலில் மகள் சிணுங்கினாள், எழும்பிப் போனேன்.