எங்கள் அம்மாவுக்கு எது விருப்பம்?

அம்மாவின் முப்பத்தோராம் நாளுக்கு வந்திருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் புகழ்ந்து மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு கடற்றொழிலாளியின் மூத்த மகளாகப் பிறந்தார். போர்க்கால இடப்பெயர்வுகளால் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. பாரிஸ் வந்து அப்பாவை மணந்தார். அப்பா, தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஓர் உணவகத்தின் சமையலறையிலும், அம்மா விடியற்காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தும் உழைத்து, புறநகரான பியர்ஃபித்தில் மூன்று பிள்ளைகளை வளர்த்தார்கள். குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்.

லா ஷப்பல் கடைகளுக்கு விமானத்தில் வரும் வல்லாரையும் முருங்கையிலையும் எங்கள் கைக்கு எட்டாதவை. அம்மா சந்தை கலையும் நேரம் பார்த்துப் போவார். முள்ளங்கியும் பீட்ரூட்டும் வாங்குகிறவர்கள் வேண்டாமென்று வெட்டிப் போடும் இலைகளைக் கேட்டு வாங்கிவந்து, தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்வார். மலிவான சின்ன மீனில் குழம்பு, தடித்த பருப்புக் கறி. கீரை இல்லாத சோறு எங்கள் தட்டில் விழுந்ததேயில்லை.

அந்த இலைப் பையைத் திறந்து பார்த்த அப்பாவின் சகோதரி, எங்கள் மாமி, ஒருநாள் கேட்டார்: "என்ன மச்சாள், வீட்டிலை முயல் வளர்க்கிறியளோ?"

"ஓம் மச்சாள், மூண்டு முயல். நல்லாப் படிக்குதுகள்," என்றார் அம்மா.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்தபோது மருத்துவமனைக்கு மொழிபெயர்க்க நான்தான் கூடப் போனேன். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று உணவு ஆலோசகர் கேட்டார்.

"கீரை வறை, பருப்பு, மீன்குழம்பு எண்டு சொல்லு தம்பி," என்றார் அம்மா என்னிடம்.

சொன்னேன். மிக நல்ல உணவு, இப்படியே தொடருங்கள் என்றார் அவர். பெருமையோடு வீடு திரும்பினோம்.

அது எங்கள் தட்டு. அம்மா சமைத்தது, சாப்பிட்டதல்ல. "நீங்கள் சாப்பிடுங்கோ, நான் பிறகு" என்பவர், நாங்கள் எழுந்தபின் சட்டியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தேங்காய்ப்பால் சொதி விட்டுக் குழைத்து, அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவார். கீரை அதற்குள் முடிந்திருக்கும். இதை நான் தினமும் பார்த்தேன். பார்த்தும், பிரெஞ்சில் பொய்யைச் சொல்லிவிட்டு வந்தேன். சர்க்கரை இறங்கவேயில்லை. சிறுநீரகம் போனது, பிறகு இதயம்.

செத்தவீட்டில் ஒருவர் எழுந்து, "குறைஞ்ச செலவிலை குடும்பத்துக்குச் சத்தாச் சமைக்க அவவிட்டைத்தான் படிக்க வேணும்" என்றார். எல்லோரும் தலையாட்டினீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடும்பத்தில் ஐந்து பேர், ஐயா. சத்தாகச் சாப்பிட்டது நான்கு பேர். இதையா படிக்கப்போகிறோம்?

எட்டாம் நாள், இறந்தவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைக்கும் எட்டுச்செலவுக்கு, மாமி அடுப்பு முன்னால் நின்று கேட்டார்: "சொல்லுங்கோ, அம்மாவுக்கு என்ன விருப்பம்?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன். "அவ எல்லாம் சாப்பிடுவா," என்றார் அப்பா.

"மீன் வால் துண்டு," என்றாள் தங்கச்சி.

"அது நாங்கள் வேண்டாமெண்டு விட்ட துண்டடி," என்றேன்.

மாமி அகப்பையை வைத்துவிட்டு அழுதார். கடைசியில் எங்களுக்குப் பிடித்தவற்றையே அம்மாவின் படத்துக்கு முன்னால் படைத்தோம். இருபத்துநான்கு வருடம் அவர் கையால் சாப்பிட்டவன் நான். வெட்கமாக இருக்கிறது.

அம்மாவைப் பார்த்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், அவருடைய வேலை நேரத்தைத் தாங்கள் பகிர்ந்து செய்த தோழிகளுக்கும், ஒரு மாதமாக எங்கள் அடுப்பை எரியவிட்ட அயலவருக்கும், மாமிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உண்டு.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். இன்று மதிய உணவில் முதற்பந்தி பெண்களுக்கு. கீரையும் மீனும் நிறைய இருக்கும். பரிமாறப்போவது அப்பாவும் தம்பியும் நானும். பெரியப்பாமார் கோபிக்க வேண்டாம். பெண்கள் ஆறுதலாகச் சாப்பிட்டு எழும்பும்வரை நீங்களும் எங்களோடு நில்லுங்கள்.