அரை மில்லிமீட்டர்

தாவ்யுவான் நகரில் போன் பேட்டரிகளைச் சோதிக்கும் கூடத்தில் லிங்யுன் அக்கா பதினேழு வருடம் வேலை பார்த்தார். பேட்டரியில் சார்ஜ் ஏற்றுவது, இறக்குவது, அப்படி ஐம்பது சுற்றுக்கு ஒருமுறை தடிமன் அளப்பது. அடுத்த மேசையில் எனக்கும் அதே வேலை.

"சார்ஜ் ஏன் இன்னும் ஒரு நாளத் தாண்டல?" என்று சொந்தக்காரர்கள் அவரைக் கேலி செய்வார்கள்.

"நாங்க கொஞ்சம் கூட்டித் தர்றோம். உங்க கேமராவும் ஸ்கிரீனும் தின்னுடுது. மிச்சத்த வெச்சு போன மெலிய வெக்கிறாங்க."

போன வருடம் சிலிக்கான் கலந்த பேட்டரி வந்தது. அதே அளவு, பத்து விழுக்காடு அதிகச் சார்ஜ். ஆனால் முந்நூறாவது சுற்றில் வீங்கியது. வீங்குவதற்குப் போனுக்குள் அரை மில்லிமீட்டர் இடம் விட்டால் போதும் என்று அக்கா அறிக்கை எழுதினார். அது தலைமையகம் போய்ச் சேர வேண்டும், அவருக்கு அவ்வளவுதான் வேண்டும்.

போனின் தடிமன் முன்பே முடிவாகிவிட்டது. எங்கள் மேலாளர் காவ் என்பவருக்கு அறிக்கையைத் தடுக்க ஒரு சாக்கு தேவைப்பட்டது. இயந்திரத்தின் மேலிருந்த பச்சைச் சோளப்பொரிப் பொட்டலத்தை எடுத்துத் திருப்பினார். 'சமர்த்தா இரு' என்பது அந்தப் பொரியின் பெயர். அது தலையில் இருந்தால் இயந்திரம் மக்கர் பண்ணாது என்று இங்கே பட்டம் பெற்றவர்களும் நம்புகிறார்கள்.

"போன மாசமே காலாவதி! அப்புறம் மெஷின் எப்படிச் சொன்ன பேச்சக் கேக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"வீங்கினது பேட்டரி சார். பொரி இல்ல."

"பொட்டலத்த வெச்சது நான்தான் சார்," என்றேன். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. ஊரோடு ஒத்துப்போக வைத்தேன், தேதியைக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப நீயும் விளக்கம் எழுதிக் குடு."

'சோதனைக் கூடத்தில் ஒழுங்கின்மை' என்று படிவத்தில் எழுதி, அக்காவின் அறிக்கையைத் திருப்பி அனுப்பினார். மூன்று மாத அளவீடு குப்பைக்குப் போனது. மறுசோதனையிலும் பேட்டரி முந்நூறில் வீங்கியது. அரை மில்லிமீட்டர் தர யாருமில்லை, பழைய பேட்டரியே போதும் என்றார்கள். தாமதத்துக்குக் காரணம் என்று அக்காவைக் கிடங்குக்கு மாற்றினார்கள்.

புது போன் வெளியான அன்று கிடங்குக்குப் போய் விளம்பரத்தை அவரிடம் காட்டினேன். 'இதுவரை வந்ததிலேயே மெலிந்தது.'

"பேட்டரி எவ்வளவு?"

"அதேதான் அக்கா."

"சரி, அந்தப் பெட்டியத் தள்ளு. லேபிள் ஒட்டணும்."