மூடாத மஞ்சள்

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குவது என் நெடுநாள் பழக்கம். ஒளி கண்ணுக்கு உடனே வந்துவிடுகிறது. ஓசை பின்னால், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்ற வேகத்தில் வருகிறது. மின்னலுக்கு ஒன்பது விநாடி கழித்து இடி கேட்டால் மேகம் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். பீளமேட்டில் ஒரு பள்ளியில் முப்பத்தொரு வருடம் இதைப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். அது சரியான கணக்குதான். அதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைத்தான் எழுத வேண்டும்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம், பங்குனிக் கடைசி. அந்தியூருக்குப் பக்கத்தில் என் தங்கையின் தோட்டத்தில் பத்து நாள் தங்கியிருந்தேன். அவள் கணவர் இறந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. நாலு ஏக்கரா தோட்டம் அது. கணவரின் அண்ணனும் அதில் கூட்டு. குத்தகைக்கு விட்டுவிட்டுக் கோயமுத்தூர் வந்துவிடு என்று எல்லோருமே அவளிடம் சொன்னோம். நானும் இரண்டு கடிதம் எழுதினேன். அவள் கேட்கவில்லை. கணவரின் அண்ணனிடம் நேரே போய், "ஒரு வருசம் நானே பண்ணையம் பாக்கறனுங்க மாமா" என்றாள்.

அவர் உடனே மறுக்கவில்லை. "செரி அம்மணி, ஒரு வெள்ளாமை பாக்கலாம். ஒழுங்கா ஊடு வந்து சேந்தா நீயே வெச்சுக்க. இல்லீன்னா குத்தகைக்கு உட்டுப்போடலாம்" என்றார்.

அவள் மஞ்சள் போட்டாள். நன்றாகவே விளைந்தது. வெட்டி, வேகவைத்து, களத்தில் பரப்பியாயிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது காய்ச்சலில் ஏழாம் நாள். பதினைந்து நாள் காய வேண்டும். வேகவைத்த மஞ்சள் அரைக் காய்ச்சலில் நனைந்தால் கறுத்துப் பூசணம் பிடிக்கும். அதற்காக எப்போதும் மூடி வைக்கவும் முடியாது. உச்சிவெயில் சூட்டோடு குவித்துத் தார்ப்பாய் போட்டால் உள்ளுக்குள்ளேயே புழுங்கி நிறம் போய்விடும். வானம் இருண்டால் என்ன செய்வது என்பது அதனால் ஒவ்வொரு நாளும் ஒரு தலைவேதனை.

களத்தில் ஒன்பது பெண்கள் வேலை செய்தார்கள். ஆறு தார்ப்பாய்கள் இருந்தன. முழுவதையும் குவித்து மூட அவர்களுக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. நான் கடிகாரம் பார்த்தேன். எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் மதியம் மூன்று மணிக்கு மேற்கே மலைப்பக்கம் மேகம் திரண்டது. இரண்டு நாளும் மூடினார்கள். இரண்டு நாளும் ஒரு துளி விழவில்லை. ஒன்பதாம் நாள் மாலை குவியலைப் பிரித்தபோது உள்ளே வெதுவெதுப்பாக ஆவி வந்தது. தங்கை ஒரு மஞ்சள் விரலியை ஒடித்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

பத்தாம் நாளும் மேகம் வந்தது. எனக்கு அதன் கதை தெரியும். காலையிலிருந்து வெயில் தரையைக் காய்ச்சுகிறது. தரை தன் மேலிருக்கும் காற்றைக் காய்ச்சுகிறது. மேற்கேயிருந்து வரும் ஈரக் காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து ஈரம் துளியாகிறது. அப்படித் துளியாகும்போது அதற்குள் இருந்த வெப்பம் வெளியே வருவதால் காற்று இன்னும் வேகமாக ஏறுகிறது. மேகம் காலிஃபிளவர் போலத் திரண்டு, உச்சியில் பனியாகிறது. மேலே போகும் பனித்துகளும் கீழே விழும் ஆலங்கட்டியும் உரசுவதில் மின்சாரம் சேர்கிறது. அதுதான் மின்னல். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் தங்கைக்குச் சொன்னேன். அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

"அதெல்லாம் செரீங்கண்ணா. மூடறதா, வேண்டாமா?"

"பொறு அம்மணி. எண்ணிச் சொல்றேன்."

முதல் மின்னல். பதினெட்டு விநாடி. அடுத்தது இருபத்தொன்று. நான் வாய்விட்டு எண்ணுவதைப் பார்த்துக் களத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"வாத்தியாரு இடிக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கறாருடி."

"உள்ளேன் ஐயான்னு சொல்லுதா?"

"பின் பெஞ்சு போலிருக்குது, லேட்டாத்தான் சொல்லுது."

நானும் சிரித்தேன். அடுத்தது இருபத்தேழு. அதற்கடுத்தது முப்பத்து மூன்று. பதினோரு கிலோமீட்டர். விநாடி கூடிக்கொண்டே போகிறது, மேகம் விலகிக்கொண்டே போகிறது. எனக்குள் ஒரு மகிழ்ச்சி வந்தது. தங்கைக்கு உருப்படியாக ஓர் உதவி செய்கிறேன் என்று நினைத்தேன்.

"மூட வேண்டாம் அம்மணி. மலைக்கு அந்தப் பக்கம் போகுது."

அந்த ஒன்பது பேரில் மூத்தவள் ஒருத்தி களத்து நடுவில் நின்று முகத்தைத் தூக்கிக் காற்றைப் பார்த்தாள். "ஏனுங்க வாத்தியாரய்யா, காத்து திரும்பிருச்சுங்க. சில்லுனு வருதுங்க. மூடிப்போடலாமுங்க."

உண்மைதான். மேற்கேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. மண்வாசனை இருந்தது. எங்கேயோ பெய்த மழையின் வாசனை, மழை அங்கேயே முடிந்துவிட்டது என்று நான் சொன்னேன். தங்கை என்னைப் பார்த்தாள், அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "அண்ணன் சொல்றாருங்கக்கா. உடுங்க" என்றாள்.

நான் எண்ணியது ஒரே ஒரு மேகத்தை. மழை கொட்டும்போது மேகத்திலிருந்து குளிர்ந்த காற்றும் சேர்ந்து கீழே விழுகிறது. தரையில் மோதி, சிந்திய தண்ணீரைப் போல நாலாபக்கமும் பரவுகிறது. போகிற வழியில் இருக்கும் சூடான காற்றின் அடியில் புகுந்து அதை மேலே நெம்பித் தள்ளுகிறது. அங்கே புது மேகம் எழுகிறது. போகிற மேகம்தான் அடுத்த மேகத்தைப் பிறப்பிக்கிறது. அந்தச் சில்லென்ற காற்றுக்கு அர்த்தம் அதுதான். புதிதாக எழும் மேகத்தில் முதலில் மின்னல் இருக்காது, இடி இருக்காது, எண்ண ஒன்றும் இருக்காது. இதுவும் எனக்குத் தெரிந்த பாடம்தான். அன்றைக்கு நான் மேற்கே மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே பார்க்கவில்லை.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். களம் திடீரென்று இருண்டது. மின்னலும் இடியும் ஒன்றாக விழுந்தன. காற்று ஒரு தார்ப்பாயைத் தூக்கிச் சுழற்றி வேலியில் எறிந்தது. பிறகு ஆலங்கட்டி, பிறகு மழை. ஒன்பது பெண்களும் தங்கையும் கையாலும் முறத்தாலும் மஞ்சளை வாரினார்கள். இடி இறங்கும், உள்ளே வாருங்கள் என்று நான் மாட்டுக்கொட்டகையிலிருந்து கத்தினேன். யாரும் திரும்பவில்லை. களத்து ஓரத்தில் மஞ்சள் தண்ணீர் வாய்க்காலைப் போல ஓடியது. விரலிகள் மிதந்து போயின. பத்தில் இரண்டு பங்குகூடத் தேறவில்லை.

மறுநாள் காலை கணவரின் அண்ணன் மொபெட்டில் வந்தார். களத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

"மேகம் கட்டினது தெரியலீங்களா அம்மணி? ஆரு மூட வேண்டாம்னது?"

"நான்தானுங்க மாமா" என்றாள் தங்கை. "வராதுன்னு நெனச்சுப்போட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். எனக்கும் அவருக்கும் நடுவே நாலு எட்டு தூரம். என் கையில் காப்பி டம்ளர் இருந்தது. நான்தான் சொன்னேன் என்று சொல்ல எத்தனை நேரமாகும்? இரண்டு விநாடி. அவர் எப்போதும் என்னிடம், படித்தவர் என்று தனி மரியாதையாகப் பேசுவார். அது போய்விடும் என்று நினைத்தேனா, தங்கை சொன்னதைப் பொய்யாக்கக் கூடாது என்று நினைத்தேனா, இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. காப்பியைக் குடித்தேன்.

வைகாசியில் தோட்டம் குத்தகைக்குப் போனது. தங்கை கோயமுத்தூர் வந்தாள். என் வீட்டுக்கு வரச் சொன்னேன், வரவில்லை. சரவணம்பட்டியில் ஒரு அறை எடுத்துக்கொண்டு ஒரு பெண்கள் விடுதியின் சமையலைப் பார்த்துக்கொண்டாள். ஒருநாளும் அந்தக் களத்தைப் பற்றி என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. நான்கு வருடம் அப்படியே போயிற்று.

தொண்ணூற்று ஏழில் அவள் கணவரின் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். தலையணையில் சாய்ந்திருந்தார். நலம் விசாரித்து முடித்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விநாடிகள், குளிர்காற்று, அதிலிருந்து எழுந்த இரண்டாவது மேகம், எல்லாம். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க வாத்தியாரே" என்றார். "களத்துல ஒம்பது பொம்பளைங்க இருந்தாங்க. ஒருத்தி சொல்லாமயா இருப்பா?"

"தெரிஞ்சும் ஏனுங்க குத்தகைக்கு உட்டீங்க?"

"மஞ்சளுக்காக உடலீங்க. மழை பேஞ்சா ஆரு என்ன பண்ணுவாங்க, அடுத்த வருசம் போட்டுக்கலாம். நான் கேட்டப்ப அம்மணி உங்களுக்காவப் பொய் சொல்லுச்சு. நீங்க பாத்துட்டு நின்னீங்க. கூடப்பொறந்தவரே பக்கத்துல நிக்கலீன்னா, அந்தப் புள்ளையத் தனியா ஆரை நம்பித் தோட்டத்துல உடறதுங்க?" கொஞ்சம் இருமிவிட்டு, "காப்பி குடிங்க" என்றார்.

நான் குடிக்கவில்லை. அங்கிருந்து நேராகப் பேருந்து ஏறினேன். மூன்று பேருந்து மாறி, மாலை ஐந்தரைக்குச் சரவணம்பட்டி வந்து சேர்ந்தேன். தங்கை விடுதிக்குப் பின்பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன், ஆனால் அந்த வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை.

அவள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒரு தண்டைக் கிள்ளிக்கொண்டே, "இப்ப நம்ம தோட்டத்துல என்னங்கண்ணா போட்டிருக்காங்க?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. அவர் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஒரு மைல்கூட இருக்காது. நான் அந்தப் பக்கம் போகவே இல்லை.

"அத்தனை தூரம் போனீங்க" என்றாள் தங்கை. "ஒரு எட்டு பாத்துட்டு வந்திருக்கலாமுங்கண்ணா."