மு. மாரீஸ்வரியும் மூ. மாரீஸ்வரியும்

எங்கள் பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் வரலாற்றை மலராகப் போடுகிறார்களாம். அங்கே கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எந்தக் கட்டடம் எப்போது எழும்பியது, யார் திறந்து வைத்தார் என்று என்னிடம் கேட்கிறார்கள். அதெல்லாம் கல்வெட்டில் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. பத்தாம் வகுப்பில் இரண்டு மாரீஸ்வரிகள். ஒருத்தி முத்தையா மகள், மு. மாரீஸ்வரி. இன்னொருத்தி மூக்கையா மகள், மூ. மாரீஸ்வரி. முத்தையா குடும்பம் காரியாபட்டிக்குக் குடிபோனதால் மகளுக்கு டி.சி. வாங்கினார். நானும் வருகைப் பதிவேட்டை எடுத்துச் சிவப்பு மையால் பெயரை அடித்தேன். அடித்தது மூக்கையா மகளை! பாழாய்ப்போன ஒரு சுழி கண்ணுக்குத் தப்பிவிட்டது.

அந்தப் பிள்ளை அப்போது பத்து நாளாக வரவில்லை. தீபாவளி சீசன். அம்மா அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனிக்குப் போக, கைக்குழந்தைத் தம்பியை இவள்தான் பார்த்தாள். திரும்பி வந்த அன்று வகுப்பில் இவள் பெயரைக் கூப்பிடவில்லை. யாரிடமும் கேட்காமல் மத்தியானமே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்க, பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும்போதுதான் தலைமையாசிரியை பதிவேட்டில் விரலை வைத்தார்.

"டி.சி. வாங்கிட்டுப் போன பிள்ளைக்கு எதுக்கும்மா தெனமும் ஆப்சென்ட் விழுது?"

இரண்டு இனிஷியலையும் மறுபடி வாசித்துவிட்டு அழ ஆரம்பித்தேன்.

"அப்புறமா அழுதுக்கிடலாம். மொதல்ல பிள்ளை வீட்டுக்குக் கெளம்பு, நானும் வாரேன்."

திருத்தங்கலில் மூக்கையா வீட்டு வாசலில் அவள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"லீவு போட்டதுக்குப் பேரை வெட்டிட்டீகன்னு நெனச்சேன் டீச்சர். கேட்டா வைவீகன்னு பயந்துட்டேன்."

"வெட்டுனது நாந்தான் தாயி," என்றேன். "சின்ன மு-வ அடிக்கப் போயி பெரிய மூ-வ அடிச்சுப்புட்டேன்."

"அப்ப நான் பரீட்சை எழுதலாமாக்கா?" என்று கேட்டு அழுதுவிட்டாள். நானும் அழுதேன்.

"தம்பியை யாரு பாப்பா?" என்றாள் பிறகு.

தலைமையாசிரியை என்னைக் காட்டினார். "தூக்கிட்டு வா. இந்தா, இவ பாத்துக்கிடுவா."

சீசன் முடியும்வரை ரெக்கார்டு ரூமில் சேலைத் தொட்டில் கட்டி, ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறுகையால் டி.சி. எழுதினேன். பதிவேட்டில் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் 'தவறாக அடிக்கப்பட்டது' என்று எழுதி நானும் தலைமையாசிரியையும் கையெழுத்துப் போட்டோம். மூ. மாரீஸ்வரி பரீட்சை எழுதி பாஸானாள்.

இப்போது ஆபீசில் இருக்கிற பிள்ளைகளே, இனிஷியலை நம்பாதீர்கள். அப்பா பெயரை வாய்விட்டு வாசித்துவிட்டுப் பேனாவைத் திறங்கள். மலரில் இடமிருந்தால், அந்தப் பயல் தூங்கிய ரெக்கார்டு ரூமையும் கட்டடப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.