ஆமேலே என்றால் எப்போது?

பல் மருத்துவரிடம் போகச் சொல்லிக் காலையில் கைபேசி கூவியது. கீழே இரண்டு பொத்தான்கள்: முடிந்தது, பிறகு. வழக்கம்போல 'பிறகு' மேல் விரலை வைத்தேன். அந்தச் சொல் என்னைக் கன்னடச் சீமையில் இருக்கும் பொம்மசந்திராவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆம்பூரிலிருந்து வந்து, பம்பு உதிரிபாகம் செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். எங்கும் இரும்புத்தூளும் எண்ணெயும் கலந்த வாசனை. இன்றும் சைக்கிள் கடையைத் தாண்டினால் அது வரும், கூடவே மேனேஜரின் குரலும். கன்னடக்காரர், நல்ல மனிதர். கையெழுத்துக்கு எதை நீட்டினாலும் நிமிராமல் "ஆமேலே" என்பார். எனக்குக் கன்னடம் பூஜ்யம். 'ஆ, மேலே' என்றுதான் காதில் விழுந்தது. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு காலி அறை, அதில் ஒரு மேஜை. ஒவ்வொரு காகிதத்தையும் பயபக்தியோடு அங்கே கொண்டுபோய் வைத்து, பறக்காமலிருக்க ஒரு இரும்பு வளையத்தையும் வைத்துவிட்டு வருவேன். பெரிய முதலாளி யாரோ வந்து கையெழுத்துப் போடுவார் போலிருக்கிறது, என்ன ஒழுங்கான கம்பெனி என்று பெருமை வேறு.

ஒருநாள் சரக்கேற்றிய லாரி கேட்டைத் தாண்ட முடியாமல் நின்றது. பேப்பர் எங்கே என்று மேனேஜர் கேட்டார். மேலே இருக்கிறது என்றேன். எல்லோரும் மாடியேறிப் பார்த்தார்கள். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. என் வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் சீராகாவிட்டால் ஊருக்குக் கிளம்பலாம் என்று சொல்லிவிட்டார். ஊரில் தங்கையின் படிப்பு என் சம்பளத்தை நம்பி இருந்தது.

பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் ஸ்டெல்லா, தமிழும் கன்னடமும் கலந்து புழங்கும் அல்சூர்க்காரி. இரண்டு பாஷையும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிரித்து ஓய்ந்த பிறகு சொன்னாள்: "ஆமேலேன்னா அப்புறம்னு அர்த்தம்பா. அது எப்போன்னு அவருக்கே தெரியாது. நீதான் 'யாவாக', அதாவது எப்போன்னு கேக்கணும். எந்த நாளுன்னு சொல்ற வரைக்கும் விடாத."

மறுநாள் பழைய காக்கித் திரைச்சீலை ஒன்றைச் சுவரில் மாட்டினாள். அதில் தேதிக்கு ஒன்றாக முப்பத்தோரு பைகள் தைத்து, சிவப்பு நூலில் எண் போட்டிருந்தாள். மேனேஜர் "ஆமேலே" என்றதும் "யாவாக சார்?" என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வியாழக்கிழமை என்றார். காகிதம் அந்த வியாழனின் தேதிப் பைக்குள் போனது. அவ்வளவுதான் ஏற்பாடு. தினமும் அன்றைய பைக்குள் மட்டும் கைவிட்டால் போதும், மற்ற நாட்களை நினைக்கவே வேண்டாம்.

மாடியிலிருந்து என் மேஜைக்கு இறங்கிய காகிதமெல்லாம் தீர்ந்து, ஒரு மாலை முதல்முறையாக அதன் மரம் தெரிந்தபோது கோவிலில் நிற்பதுபோல நின்றேன். ஒரு சொல்லுக்கும் ஒரு பழந்துணிக்கும் இவ்வளவு சக்தியா? அந்தப் பிரமிப்பு எனக்கு இன்றுவரை தீரவில்லை. வேலை நிரந்தரமானது. பின்னாளில் மேனேஜரே எழுந்து வந்து, தேதி பார்த்துத் தன் கையால் காகிதத்தைப் போடுவார்.

சில வருடங்களில் ஸ்டெல்லா திருமணமாகி வெளிநாடு கிளம்பினாள். கேக் வெட்டி முடிந்ததும், இனி எப்போது பார்ப்போம் என்று முழுதாகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "யாவாக?" என்று மட்டும் கேட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஆமேலே" என்றாள்.

தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். மேனேஜர் இல்லை. காக்கித் திரை எந்தக் குப்பையோடு போனதோ. அவள் சொன்ன அந்த ஆமேலேயை எந்தப் பையில் போடுவது என்று அன்று தெரியவில்லை. இன்னும் கையிலேயே வைத்திருக்கிறேன்.