பாதி ஈட்டி

ஈட்டி மரப் பலகையின் ஓரத்தை நாக்கால் தொட்டுப் பார்க்கிறார் எலோய். கசப்பு ஏறினால் மரத்தில் எண்ணெய் அதிகம், பசை பிடிக்காது என்பது அவர் கணக்கு. பிறகு அதை இரண்டு விரலில் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டி, காதை அருகே கொண்டுபோகிறார். சத்தம் அடங்குவதற்குள் இருமல் வந்துவிடுகிறது. அது ஓயும்வரை பலகை கையிலேயே ஆடிக்கொண்டிருக்கும். மறுபடி முதலிலிருந்து தட்டுவார்.

கிரனாடாவில் கோட்டைக்கு ஏறும் சரிவில், என் செருப்புக் கடைக்கு அடுத்தது அவருடைய கிடார் பட்டறை. நடுவில் இருக்கும் சுவர் பேருக்குத்தான் சுவர். அவர் கழித்துக்கட்டும் மரங்களுக்கு விழும் வசவெல்லாம் என் காதில்தான் விழுகிறது.

கிடாரின் பக்கப் பலகையை அவர் இரட்டைத் தகடாகச் செய்கிறார். வெளியே ஈட்டி, உள்ளே இலேசான சைப்ரஸ் மரம். இரண்டையும் ஒட்டி அச்சில் இறுக்கினால் கல் மாதிரி நிற்கும். ஒற்றைத் தகடு தானும் சேர்ந்து அதிர்ந்து நாதத்தைத் தின்றுவிடுமாம். உள்தகட்டுக்கு மேப்பிள் போடலாமே என்று ஒருமுறை கேட்டுவைத்தேன்.

"மேப்பிளா? அது என் மாமியார் மாதிரி தம்பி. வந்து உக்காந்தா வீடே கனத்துப்போகும்."

ஈட்டித் தூள் அவருடைய நுரையீரலுக்கு ஆகவில்லை. அந்த மரத்தை விடாவிட்டால் ஆக்ஸிஜன் உருளையை இழுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும், அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான் என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் இந்த இரட்டைத் தகடு. "அதான் பாதியாக் குறைச்சிட்டேனே! உள்பக்கம் பூரா சைப்ரஸ்தானே!" என்று பெரிய தியாகம் செய்தவர் போலத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். நானும் நம்பினேன்.

நம்பாதவர் அவர் மனைவி அங்குஸ்தியாஸ். பட்டறையைப் பெருக்குபவர் அவர்தான். ஒருநாள் முறத்தோடு என் கடைக்குள் வந்து நின்றார். முறம் நிறையக் கருஞ்சிவப்புத் தூள்.

"பாருங்க தம்பி. பலகை எப்பவும்போல அதே தடிமன்லதான் வருது. முன்னாடி கொஞ்சம் சீவுனாப் போதும். இப்ப பாதியா ஆகுற வரைக்கும் சீவுறாரு. பாதி கிடாருக்கு, மீதி இவர் நெஞ்சுக்கு!"

பின்னாலேயே வந்த எலோய் வாசலில் நின்று மூச்சு வாங்கினார். "அடியே, ரெண்டு பக்கமும் சைப்ரஸ் போட்டா அது ஆட்டக்காரிக்கு வாசிக்கிற கிடாருடி. கச்சேரிக்கு ஆகாது."

"நீ செத்துப்போனப்புறம் எதுலய்யா பண்ணுவ?"

"சைப்ரஸ்லதான். கல்லறைத் தோட்டத்துல வரிசையா நிக்குதே, பாக்கல?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் சிரிக்கப் பார்த்தார், இருமல் விடவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. பழகிய மனுஷன் கண்ணெதிரே தன்னைத்தானே சீவிக்கொள்வதைப் பார்த்தால் வேறென்ன வரும்?

அடுத்த வாரமே அங்குஸ்தியாஸ் தடித்த வெள்ளைத் துணியில் முகமூடி ஒன்று தைத்து, தன் கையாலேயே அவர் காதுகளில் மாட்டிவிட்டார். குழந்தை மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார் எலோய். எனக்குக்கூட மனசு கொஞ்சம் நிம்மதியாயிற்று.

இன்று காலை எட்டிப் பார்த்தேன். முகமூடி முகத்தில்தான் இருந்தது. தேர்ந்தெடுத்த ஈட்டித் தகடு சீவி முடிந்து மேசைமேல் கிடந்தது. ஒட்டுவதற்கு முன்னால் ஸ்பிரிட்டில் துணியை நனைத்து அதன் எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும். துணியில் தூசி இருந்தால் பசை விட்டுப்போகும். பட்டறையில் இருந்த கந்தல்களை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார். எல்லாவற்றிலும் தூள் பறந்தது.

முகமூடியைக் கழற்றினார். அதை ஸ்பிரிட்டில் முக்கி, தகட்டின் மேல் ஒரே சீராக இழுத்தார். வெள்ளைத் துணி உறைந்த ரத்தத்தின் நிறத்துக்கு மாறியது. அதைத் திருப்பி மடித்து, வெளுப்பாக மிச்சமிருந்த பக்கத்தால் இன்னொரு தடவை துடைத்தார்.